மூடிய குடுவைக்குள் குருத்துக்கு மூச்சு தந்தவருக்கு

வாழையின் வாட்டம் அறிந்து ஊட்டிய வித்தகரே! உப்பின் நுட்பம் உணர்ந்த ஒப்பிலா ஆய்வாளரே! எங்கள் திசு வளர்ப்புக் கூடத்தின் ஊட்டக்கூழ் அறைக்கு உயிர்நாடியாய் விளங்கி, இன்று பணி நிறைவு காணும் பண்பின் பெட்டகமே! வணக்கம்.

குடுவைக் கூழில் வேரூன்றி, மண்ணே காணாத கன்றுகளுக்கு மண்ணாக இருந்தவர் தாங்கள். இளந்தளிர் வெளிறினால் இரும்புச்சத்து, முதிர்ந்த இலையின் விளிம்பு காய்ந்தால் பொட்டாசியம் என்று பார்த்தவுடன் சொல்வீர்கள். சொன்ன பின்னும் சோதித்தே நம்புவீர்கள். கூழுக்கான சத்து உப்புகளை நாள்தோறும் நிறுப்பதால், தங்கள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘உப்பம்மா’. இரு கையிலும் குடுவைத் தட்டோடு வந்து, “உப்பம்மா வந்துட்டேன், கதவத் தெறங்கப்பா!” என்று தாங்கள் குரல் கொடுத்த அன்று, திறக்கப் போனவர் தாழ்ப்பாளைத் தேடித் தடுமாறினார்.

சூறைக்காற்றில் தோட்டமிழந்த உழவர்கள் நம் கன்றுகளை நம்பிக் காத்திருந்த பருவம் அது. குடுவைகளில் இலைகள் பச்சைப்பசேலென நிற்க, நடுக்குருத்து மட்டும் கருகியது. கால்சியக் குறை என்று தெரிந்தது, கூட்டிப் போட்டோம், கூழ் கலங்கியதேயன்றிக் குருத்து தேறவில்லை.

“இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமே, மேடம்?” என்றார் மேலாளர்.

“சத்து இருக்கு சார், ஏறல. ஏன் ஏறலன்னுதான் பாக்கணும்.”

பார்த்தீர்கள். கிருமி புகாதிருக்க அவ்வாண்டு வாங்கிய இறுக்கமான மூடிகள், ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிட்டன. இலை நீரை வெளியே விட்டால்தானே வேர் நீரை மேலே இழுக்கும்! அந்த நீரோட்டத்தில் ஏறிச் செல்வது கால்சியம். தழைச்சத்தென்றால் முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு இடம் மாறும். கால்சியமோ போய்ச் சேர்ந்த இடத்தைவிட்டு நகராது. புழுங்கிய குடுவைக்குள் உணவிருந்தும் குருத்து பட்டினி கிடந்தது. காற்று மட்டும் புகும் வடிகட்டி மூடிகளைப் பொருத்தினீர்கள், புதுக்கன்றுகள் குருத்துவிட்டன.

ஆனால் குருத்து கருகிய பழைய கன்றுகள் அடுக்கடுக்காய் நின்றன. “வேர் புடிச்சிருச்சே, மண்ணுக்குப் போனா தேறிடும், அனுப்பிடுங்க” என்றார் மேலாளர். அனுப்பும் தாளில் கையெழுத்திட மறுத்த தாங்கள், உழவர்களை அழைத்துத் தாங்களே முன்னே நின்றீர்கள்.

“உழுது போட்டுட்டு நிக்கிறோம்மா. இப்பப் போயி இல்லன்னா எப்படி?” என்று பொங்கினார் ஒருவர்.

“இல்லங்கல அய்யா, இது வேண்டாங்கறேன். இத நட்டா ஒரு வருஷம் காத்திருந்து ஏமாந்து போவீங்க. இப்பவே என்னத் திட்டிட்டுப் போங்க.”

திட்டிவிட்டே போனார், வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். காத்திருந்தவர்களின் தோட்டங்களில் மறுபருவம் நல்ல கன்றுகள் நிமிர்ந்தன. அவ்வாண்டு தங்களுக்கு வரவிருந்த தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மறுநாளும் வழக்கம்போல் தராசின்முன் அமர்ந்தீர்கள்.

அறிவால் ஆராய்ந்து, அறத்தால் அளந்த அம்மையீர்! முன்வரிசையில் தங்கள் கணவர் அமர்ந்திருக்கிறார். சிறுநீரக நோயால் பொட்டாசியத்தை அளந்தே உண்ண வேண்டியவர். வாழைப்பழம் அவருக்கு விலக்கு. அழைப்பிதழ் தர வீட்டுக்குப் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “பகலெல்லாம் வாழைக்குப் பொட்டாசியத்த ஏத்துறா, வீட்டுக்கு வந்தா எனக்கு இறக்குறா. நடுவுல அவ சாப்பிட்டாளான்னு கேக்கத்தான் ஆளில்ல.”

ஆகவே, ஊட்டி ஊட்டியே ஓய்ந்த கரங்களே! நாங்கள் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. நாளைக் காலை தாங்கள் முதலில் உண்ணுங்கள், உட்கார்ந்து உண்ணுங்கள், சூடாறுமுன் உண்ணுங்கள். இணையரோடு நலமாக நெடுநாள் வாழுங்கள்!

என்றும் தங்கள் அன்பில்,
ஊட்டக்கூழ் அறை, வளர்ப்பறை, பசுமைக்குடில் பணியாளர்கள்