கூடையில் கலந்த யூரியா

யூரியா நல்ல உரம், ஐயா. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விதையிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் மக்காச்சோளம் கருகருவென்று எழும். விதையோடு சேர்த்துப் போட்டால் முளை வெளியே வருவதற்குள் வெந்துபோகும். வேளாண்மை அதிகாரியான உங்களுக்கு இது தெரியும். எனக்கும் அன்றே தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கண்ணகி என் தம்பி பெண்டாட்டி. தம்பி போன பிறகு, நைனார்பாளையத்தில் அவன் பயிர் வைத்த குத்தகை நிலத்தை அவளே பார்த்தாள். என் நிலத்தை ஒட்டிய இரண்டு ஏக்கர். நான் கேட்டதற்கு நிலத்துக்காரர் பொன்னுரங்கம், "இந்த வாட்டி அவ வெள்ளாமை எடுக்கட்டும்ப்பா. முடியலன்னா உனுக்குத்தான்" என்றார்.

அவள் எடுத்துவிடுவாள், கெட்டிக்காரி. உரம் வைப்பது மட்டும் தம்பி வேலையாக இருந்தது. விதைப்பு நாளன்று காலையில் என்னிடம் யோசனை கேட்டாள். நானே விதையையும் யூரியாவையும் கூடையில் கலந்து கொடுத்தேன். ஏருக்குப் பின்னால் அவள் கையால் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன், கோரிக்கை நியாயமானது. ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. நாளுக்கு நாலு தடவை ஓடிவந்து அவள் நிலத்தைக் கிளறிப் பார்த்தேன். விதை நுனி கருத்திருந்தது. சின்னசேலம் போய் வேறு விதை வாங்க பஸ் இல்லை. வழி திறந்தபோது மண்ணில் ஈரம் இல்லை.

ஊரில் யாரும் யூரியாவை நினைக்கவில்லை. தாலியறுத்தவள் கை பட்ட விதை என்றார்கள். அப்படித்தான் சொல்வார்கள் என்பது கலக்கும்போதே எனக்குத் தெரியும்.

அவளே வந்து கேட்டாள். "மாமா, நீங்க சொல்லுங்க. என் கை பட்டதாலதான் மொளைக்கலியா?"

"வுடும்மா. நடந்தது நடந்துபோச்சி" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவள் விதையைத் தொடுவதில்லை. பெற்ற பெண்ணுக்குத் தலைவாரக்கூட அந்தக் கையை நீட்டப் பயப்படுகிறாள். பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

நிலம் இப்போது என்னிடம் இருக்கிறது. களையெடுக்க அவளைத்தான் கூப்பிடுகிறேன். அவள் கையைக் கண்டு ஒதுங்காதவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.