பவளத் தொட்டியில் கொட்டிய உப்பு

காலை 8.10 பல்லடம் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள்தான் தொடங்கினாள்.

“நம்மூட்டுக் கண்ணாடித் தொட்டீல இருக்கற கல்லுப்பவளம் விடியக்காலம் விரல நீட்டுச்சுங்க மாமா.”

“நெசமாவா அம்மணி? எல்லாம் வெளுத்துப்போச்சுன்னயே?”

“நீங்க சாயப்பட்டறை உப்பக் கொட்டுனதுல நாலு போச்சுங்க. இது ஒண்ணுதான் மிச்சம்.”

“கடல்தண்ணிக்கு எந்த உப்பா இருந்தா என்னன்னு நெனச்சுட்டேன். துணியா இருந்தா மறுபடி சாயமேத்தீரலாம்.”

“அது உசுருங்க. பச்சையா, சின்னச் சின்ன விரலு, தண்ணிக்குள்ள மெல்ல ஆடுச்சு. பாத்துட்டே நின்னேன், பால் பொங்கி அடுப்பே அணஞ்சுபோச்சு.”

அடுத்த நிறுத்தத்தில் அவர் எழுந்தார்.

“ஏனுங்க, கம்பெனி இன்னும் வரலீங்களே?”

“மூணு நாளா அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பலை அம்மணி. ஊட்டுக்குப் போயி ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன்.”