ஞாயிறு மொத பூசை

வயரு நல்லா இருக்குதுன்னா அப்பறம் ஏம்மா வர மாட்டுது? காலைல கோயிலுக்குக் கெளம்புறப்ப கூட மேல் வூட்டு ஃபோல்டர் இந்த சிஸ்டத்துல தெரிஞ்சிது. என் கண்ணால பாத்தன். பூசை முடிஞ்சி வந்து ஒக்காந்தா காணோம். மோடத்த ரெண்டு தபா ஆஃப் பண்ணிப் போட்டன். சிஸ்டத்த நாலு தபா. அந்த நீல வயர புடுங்கி, வாயால ஊதி, திரும்ப சொருவியும் பாத்துட்டன். ஒண்ணியும் நடக்கல.

இரு, கதவ சாத்தாத. தொறந்தே இருக்கட்டும். ஃபேனையும் நிறுத்திடறன். கடகடன்னு அடிச்சிகிட்டு, பேசுற பேச்சே காதுல விழ மாட்டுது. வேர்க்குதா? கொஞ்சம் பொறுத்துக்க அன்புக்கரசி. ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைய மூடிட்டு புள்ளைங்களோட ஒக்காந்திருந்தவள, இந்த அமாவாசக் கூட்டத்துல வண்டி ஓட்டிகினு வர வெச்சிட்டன். செஞ்சியில எனக்கு வேற யாரம்மா தெரியும்? எப்படியாவது நாலரைக்குள்ள அத தொறந்து குடுத்துடு. மணி இன்னா இப்ப, மூணு அம்பதா? மாதாவே.

நாலரைக்கு இன்னான்னு கேளு. நாலரைக்கு மேல இருக்கிறவரு கெளம்பிடுவாரு. ஆமா, எங்க வூட்டுக்காரருதான், ஜாஸ்மின் நைனா. பெட்டி கட்டி வெச்சாச்சி. திண்டிவனம் போயி அங்கேர்ந்து மெட்ராசு, அவரு தம்பி வூட்டுக்கு. ரெண்டு நாளு போய்ட்டு வர்ற பெட்டி இல்ல அது. குளிருக்குப் போட்டுக்கிற கம்பளிய எடுத்து வெச்சிட்டாரு, அவுங்கம்மா படத்த செவுத்துலேர்ந்து கழட்டிட்டாரு. மத்தியானமே போயிருப்பாரு. பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் உட்டுட்டாங்க, அடுத்தது நாலரைக்குதானாம். அங்காளம்மன் புண்ணியத்துல எனக்கு நாப்பது நிமிசம் கெடச்சிருக்குது. மாதா கோச்சிக்கிட்டாலும் சரி, இன்னைக்கி அந்தம்மாவுக்கும் ஒரு கும்புடு போட்டுட்டன்.

நேரா மாடியேறிப் போயி அவரையே கேக்க வேண்டியதுதானேங்கிறியா? கேப்ப. யாரா இருந்தாலும் கேப்பாங்க. அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லம்மா. நாலு வருசம் ஆவுது. ஊருக்குத் தெரியாது. கல்யாணம், சாவுன்னா சேந்துதான் போவோம், ஒரே பைக்குல. பின்னால நான் ஒக்காந்துப்பன். போற வழி பூரா ஒரு வார்த்த இருக்காது.

எதனாலன்னா, அதுவும் இந்தப் பாழாப்போன கம்ப்யூட்டராலதான். ஜாஸ்மின் கல்யாணத்துக்குப் பத்திரிக நான்தான் அடிச்சன். ஊரு கல்யாணத்துக்கெல்லாம் அடிச்சிக் குடுக்கிற கை, எம்பொண்ணுக்கு அடிக்கிறப்ப நாலு தபா அடிச்சி அடிச்சித் திருத்துச்சி. தாய் மாமன் எடத்துல எங்கண்ணன் சேசுராஜ் பேர கொட்ட எழுத்துல போட்டு, ஃபோல்டர்ல வெச்சிட்டு சமைக்கப் போயிட்டன். இவரு மேல ஒக்காந்துகினு அதத் தொறந்து, அண்ணன் பேர எடுத்துட்டு அச்சுக்கு அனுப்பிட்டாரு. ஏன்னா அண்ணன் நம்ம கோயில உட்டு வேற சபைக்கு மாறிப் போயிட்டானாம். கோயிலுக்கு வராதவன் பேர போட்டா பங்குக் கோயில்ல நாலு பேரு கேப்பாங்களாம். பத்திரிக கட்டு வந்து பிரிச்சப்பதான் நான் பாக்கறன். அண்ணன் கல்யாணத்துக்கு வர்ல. இந்த வாசப்படிய அதுக்கப்பறம் மிதிக்கல.

அன்னைக்கி எனக்கு வந்த கோவத்துல, எதிர்ல ஜாஸ்மின் நின்னுது, அது தலையில கைய வெச்சி சொல்லிட்டன். இனிமே ஒங்க நைனா கிட்ட நான் வாயத் தொறந்தா இந்தத் தலைக்கு ஆவாதுன்னு. சொல்லிட்டன்மா. அது இப்ப ஓசூர்ல ஏழு மாசம். பிரஷர் இருக்குதுன்னு டாக்டர் நடக்கக் கூட உடல. கோயில்ல சாமியார் கிட்ட, பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கிற பாவசங்கீர்த்தனத்துலயே கேட்டன். கோவத்துல சொன்ன சத்தியம் கட்டாதும்மா, போயி பேசுன்னாரு. அவருக்கு இன்னா, சொல்லிடுவாரு. வயித்துல புள்ளையோட இருக்கிறது எம்பொண்ணு.

இன்னா அது, கறுப்பா ஒரு ஜன்னல்ல வரி வரியா ஓடுது? பிங்கா. அங்கேர்ந்து பதில் வருதுங்கிறியா. அப்ப மேல அந்த சிஸ்டம் உயிரோடதான் இருக்குது. உயிரோட இருந்துகினு கதவ மட்டும் தொறக்க மாட்டுது. சரி, நீ பாரு, நீ பாரு.

எப்படி குடும்பம் நடத்துனீங்கன்னு கேக்காம கேக்கிற. பொண்ணு இங்க இருந்தவரைக்கும் அதுதான் நடுவுல. நைனா கிட்ட சொல்லு தண்ணி வந்துடுச்சின்னு, அம்மா கிட்ட சொல்லு சட்டைக்குப் பொத்தான் இல்லன்னு. மறுவூடு போறப்ப அழுதுகினே போச்சி, இனிமே யாரு சொல்லுவான்னு. அப்பறம் ஒரு நாளு நான் பிரிண்டு எடுக்கலாம்னு ஃபோல்டர தொறக்கறன். மேல அவரு பத்திரம் டைப் அடிப்பாரு, பிரிண்டரு இங்கதான இருக்குது, அதுக்காக ரெண்டு சிஸ்டத்துலயும் தெரியிற மாதிரி ஜாஸ்மின் போட்டுக் குடுத்த ஃபோல்டரு. அதுல ஒரு ஃபைலு, பேரு மட்டும் அரிசி இல்லன்னு இருக்குது. தொறந்தா உள்ள வெத்து. ஒரு எழுத்து இல்ல. அப்பறம்தான் புரிஞ்சிது, பேருதான் சேதி. அவரு வெச்சிருக்கிறது பட்டன் போனு, வேற எதுல எழுதுவாரு, சொல்லு. நான் அரிசி வாங்கிப் போட்டுட்டு அந்த ஃபைல அழிச்சன். அழிச்சா பாத்துட்டன், ஆச்சின்னு அர்த்தம். யாரும் பேசி வெச்சிக்கல. அதுவா அமஞ்சிது.

நாலு வருசமா அப்படித்தான் ஓடிச்சி. கேஸ் வந்தது. ராத்திரிக்கு தோச போதும். முட்டி வலிக்கிது. அந்த முட்டி வலிக்கிது ஃபைல ரெண்டு நாளு அழிக்காம வெச்சிருந்தன். தைலத்த மாடிப்படியில வெச்சிட்டு அப்பறம்தான் அழிச்சன். சிரிக்காதம்மா. சிரிச்சாலும் சிரி.

கோயிலுக்கும் அதே கணக்குதான். சனிக்கெழமைக்குள்ள ஞாயிறு ரெண்டாம் பூசைன்னு ஒண்ணு போடுவாரு. அவரு ரெண்டாவதுக்குன்னா நான் மொதலுக்கு. ஒரே பூசையில நின்னா சமாதானம் சொல்றப்ப திரும்பி ஒருத்தருக்கொருத்தர் கும்புடணும் இல்ல? அந்த நேரத்துல மூஞ்ச எங்க கொண்டு போயி வெச்சிக்கிறது? அதுக்காகத்தான் ஆளுக்கு ஒரு பூசை.

முந்தாநாளு வெள்ளிக்கெழம ஞாயிறு மொத பூசைன்னு போட்டிருந்தாரு. எப்பவும் ரெண்டாவதுக்குப் போறவரு, இந்த வாரம் மொதலுக்குப் போறாரு போல, சரி நாம ரெண்டாவதுக்குப் போவலாம்னு நெனச்சன். அடுப்புல கொழம்பு. நின்னமேனிக்கே அழிச்சிட்டன். அழிச்சி கைய எடுக்கிறப்ப கண்ணுல பட்டுது. ஃபைலு பேருக்குப் பக்கத்துல, உள்ள வெத்துன்னு காட்டி, எப்பவும் சைபர் கேபின்னு அளவு நிக்கும் பாரு, அது அன்னைக்கி சைபர் இல்ல. மூணோ நாலோ இருந்துது. நாலு வருசமா சைபர பாத்த கண்ணு, அது வேற நம்பர காட்டுறப்ப நின்னு பாக்கலியே. இன்னாவோன்னு கொழம்ப இறக்கப் போயிட்டன்.

இங்கேர்ந்து அழிச்சா குப்பத்தொட்டியில கூட கெடக்காதா? நெட்வொர்க்குல அழிச்சா ஒரேடியா போயிடுமா? அது எனக்குத் தெரியாதேம்மா. இத்தன வருசமா அதுல ஒக்காந்து சோறு திங்கறன், இது தெரியல பாரு.

இன்னைக்கி காலைல ரெண்டாம் பூசைக்குப் போறன், மொத பூசை உட்டு ஜனம் வெளிய வருது. இவரு கேட்டாண்ட நிக்கிறாரு. புதுச் சட்ட. சவரம் பண்ணிகினு, தலைக்கு எண்ண வெச்சிகினு. நான் போறன், என்ன பாத்தாரு. நாலு வருசத்துல அப்படி நேரா பாத்ததில்ல. எனக்கு ஒண்ணியும் புரியாம தலைய குனிஞ்சிகினு உள்ள போயிட்டன்.

பூசை முடிஞ்சி வூட்டுக்கு வந்தா ஃபோல்டர் இல்ல. கொஞ்ச நேரத்துல ஜாஸ்மின் போனு. அம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா பூசைக்குப் போனீங்களான்னு கேக்குது. சந்தோசத்துல மூச்சு வாங்குது அதுக்கு. ஒண்ணா மொத பூசைக்குப் போவலாம்னு நைனா வெள்ளிக்கெழம ஒனக்கு லெட்டர் எழுதி வெச்சாராமே, பத்து நாளா ஒக்காந்து அடிச்சேன்னு சொன்னாரு, நீ படிச்சிட்டு அழிச்சிட்டேன்னு பாத்து, அம்மா ஆச்சின்னுட்டாடான்னு எங்கிட்ட அழுதாரும்மா, அப்படீங்குது. நான் இன்னா சொல்லுவன்? இல்லடி, படிக்கல, தெரியாம அழிச்சிட்டன், ஒங்க நைனா மேல பெட்டி கட்டிகினு இருக்காருன்னு ஏழு மாசக்காரி கிட்ட சொல்றதா? ஆமாண்டி, போனோம்னு பொய் சொல்லிட்டு வெச்சிட்டன்.

அவரு இன்னா நெனச்சிருப்பாரு, யோசிச்சிப் பாரு. மனச தொறந்து அத்தினியும் எழுதி வெச்சிருக்காரு. இவ படிச்சிருக்கா. படிச்சிட்டு, அரிசி ஃபைல அழிக்கிற மாதிரி அழிச்சிட்டு, வேணும்னே வேற பூசைக்குப் போயிருக்கா. ஒரு மனுசன் வேற இன்னா நெனைப்பான்?

எழுதிக் குடுக்கலியான்னா, குடுத்தன். பேப்பர்ல எழுதி மேல கதவு சந்துல தள்ளி உட்டன். மடிச்சது மடிச்ச மாதிரி அப்படியே திரும்பி வெளிய வந்துச்சி. இன்னொரு தபா தள்ளுனன். அதுவும் வந்துச்சி. இதோ பாரு, ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிகினு இருக்கன், வேர்வையில ஊறிப் போச்சி.

இன்னா சொல்ற? கோளாறு இல்லியா? இங்க தெரியக் கூடாதுன்னு மேலேர்ந்து யாரோ ஷேரிங்க நிறுத்தி வெச்சிருக்காங்களா?

தெரியும்மா.

காலைலயே தெரியும். வயரும் கெடல, மோடமும் கெடல. நாலு வருசம் இதுலதான் குடும்பம் நடத்துனன், இது எப்ப கோளாறு, எப்ப கோவம்னு தெரியாதா எனக்கு? ஒன்ன வேலைக்குக் கூப்புடல அன்புக்கரசி. கோச்சிக்காத. எனக்கு எதிர்ல ஒக்காந்து கேக்க ஒரு ஆளு வேணும். வெறும் செவுத்த பாத்துப் பேசுனா அது அவரு கிட்ட பேசுனதா ஆயிடுமோன்னு பயம். ஒங்கிட்ட பேசுனா அது ஒங்கிட்ட பேசுனது. என் சத்தியம் என்னோட இருக்கும். எம்பொண்ணு தலைக்கு ஒண்ணும் ஆவாது. மெல்லமா பேசுக்கா, மெல்லமா பேசுக்கான்னு வந்ததுலேர்ந்து சொல்றியே, எப்படிம்மா மெல்லமா பேசுறது?

திரும்பிப் பாக்காத. மாடிப்படி அந்தக் கதவுக்கு அந்தாண்டதான். நீ அந்தக் கறுப்பு ஜன்னல்ல பிங்கு போட்டுகினு இருந்தப்பவே செருப்பு சத்தம் இறங்கி வந்து பாதிப் படியில நின்னுடுச்சி. பெட்டிய கீழ வெச்ச சத்தமும் கேட்டுது. அதுலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல.

அதனால ஒங்கிட்டயே சொல்லிடறன், நல்லா கேட்டுக்க. நான் படிக்கல. ஒரு எழுத்து படிக்கல. படிச்சிருந்தா அந்தக் கத்திரிப்பூ கலரு சீலைய கட்டிகினு மொத மணிக்கே போயி கேட்டாண்ட நின்னிருப்பன். அண்ணன பத்தி எழுதியிருந்தாரோ இன்னாவோ, எழுதலன்னாலும் போயிருப்பன். அண்ணன் பேரு போனது போச்சி. நாலு வருசத்துல நானும்தான் சைபர் கேபிக்கு மேல ஒரு ஃபைலு வெக்கல. அந்த மனுசன் பத்து நாளு ஒக்காந்து எழுதுனத ஒரு தட்டுல அழிச்சிட்டனேம்மா. எனக்கு அது வேணும். இன்னொரு தபா எழுதச் சொல்லு. ரெண்டே வரி போதும். திட்டி எழுதுனாலும் போதும்.

கேட்டியா? செருப்பு சத்தம். மேல போவுதா, கீழ வருதா, எனக்குக் காது அடைக்கிது, நீ சொல்லு. மேலயா? பெட்டிய எடுத்த சத்தம் கேட்டுதா ஒனக்கு? எனக்கும் கேக்கல.

மணி நாலு இருவது. அந்த ஃபோல்டர் தெரியற எடத்துக்குப் போ. ரிஃப்ரெஷ் அடி. வர்லியா? அவரு டைப் அடிக்கிற நாற்காலிய இழுக்கிற சத்தம் மேல கேட்டுதும்மா, நான் கேட்டன். இன்னொரு தபா அடி. பஸ்ஸு ஆரன் அடிச்சாலும் நீ நிறுத்தாத. அடிச்சிகினே இரு.