காலை வண்டிக்கு நேரமாகிவிட்டது

சைக்கிளை ரயிலில் ஏற்றும்போது பின்சக்கரத்தைத்தான் முதலில் தூக்கிக் கொடுக்க வேண்டும், ஐயா. பலர் முன்சக்கரத்தைத் தூக்குவார்கள். அப்போது கைப்பிடி சடக்கென்று திரும்பி, மேலே நின்று வாங்குகிறவர் முகத்தில் இடிக்கும். கார்டு கன்னையாவின் முன்பல் ஒன்று அப்படித்தான் ஆடிப்போனது. அது என் முதல் நாள். அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் பச்சைக் கொடியை ஆட்டினார். நான் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து பத்து தீகா ஸ்டேஷன் வரைக்கும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சீனத்து அம்மாளுக்கு விஷயம் தெரியாது. இருந்தாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

என் பெயர் டொரத்தி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. வீடு கிள்ளானில், ஆற்றுக்கு வடகரையில். என் கணவர் மாரிஸ் கிள்ளான் ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தார். நீங்கள் கேட்க வந்தது அவரைப் பற்றித்தான் என்று தெரியும். சைக்கிளை விட்டுவிட்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. அதை வாங்கித் தந்தவரே அவர்தானே.

கல்யாணமான புதிதில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷாவில் போவேன். கோலாலம்பூரில் இறங்கி நடப்பேன். வெயிலில் முகம் கறுத்துப்போகிறது என்று இவருக்கு வருத்தம். ஒருநாள் குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சேலை சிக்காதபடி பின்சக்கரத்துக்கு நூல் வலை கட்டியதும் அவர் கைதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பாடாங் திடலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். கோவிலுக்கு வந்த பெண்கள் எல்லாம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"விடுங்க, நானே போறேன்" என்றேன்.

"விழுந்துடுவே டொரத்தி. நான் விடமாட்டேன்."

அவர் விடவில்லை. நான் வேகமாக மிதித்தேன். அவரும் வேகமாக ஓடி வந்தார். இன்னும் மிதித்தேன். தொப்பி பறந்து விழுந்தது. கடைசியில் அவர் கை நழுவிவிட்டது. பாடாங்கின் அந்தக் கோடியில் போய்த்தான் நின்றேன். எப்படி நிறுத்துவது என்று அதுவரை எனக்குச் சொல்லித் தரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் காலைகள் எப்படி இருந்தன என்று சொன்னால் நீங்களும் ஒரு சைக்கிள் வாங்கிவிடுவீர்கள். வீட்டுப் படலைத் தாண்டியதும் ஒரு சரிவு. சரிவு தந்த வேகத்திலேயே பாலத்தில் ஏறிவிடலாம். கீழே சேற்று வாசனையோடு ஆறு, எதிரில் மாட்டு வண்டிகள், காற்றில் படபடக்கும் முந்தானை. ஸ்டேஷனில் சைக்கிளை வண்டியின் கடைசியில் இருக்கும் கன்னையாவின் பிரேக் வேனில் ஏற்றுவேன். சில மாதத்தில் நானும் அந்த வேனிலேயே ஏற ஆரம்பித்தேன்.

"டீச்சர், இங்கே நிக்க ரூல்ஸ் இல்ல. லேடீஸ் பெட்டில போய் உக்காருங்க" என்பார் கன்னையா.

"சைக்கிள் தனியா பயப்படும் அண்ணே."

பல்லைத் தடவிக்கொண்டு கொடியை எடுக்கப் போய்விடுவார். வாத்துக் கூடைகள், ரப்பர் ஷீட்டுக் கட்டுகள், அவற்றுக்கு நடுவே நான். கதவு திறந்தே இருக்கும். பாடாங் ஜாவா, பத்து தீகா, பெட்டாலிங் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் ஓடிவந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகும். கோலாலம்பூரில் இறங்கினால் பள்ளிக்கு நேர்வழி கொஞ்ச தூரம்தான். நான் நேர்வழியில் போனதே இல்லை. லேக் கார்டன் மேட்டில் மூச்சிரைக்க ஏறி, உச்சியில் ஒரு நிமிடம் நின்று, பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிடுவேன். மரங்கள் கோடாகிவிடும். யாரும் இல்லை என்றால் வாய்விட்டுக் கத்துவேன். பள்ளிக்குள் நுழையும்போது முகம் சிவந்திருக்கும். காய்ச்சலா என்று பெரிய டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

வீட்டில் நான் மாரிஸின் மனைவி. பள்ளியில் டீச்சர். இடையில் இருந்த அந்த நேரத்துக்கு எனக்குப் பெயர் கிடையாது. அது எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலை அவர் சிரித்த முகமாக வந்தார். கோலாலம்பூருக்கு மாற்றல், பதவி உயர்வோடு. பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். என் பள்ளிக்குப் பின்புறம். மணி அடிப்பது அடுப்படியில் கேட்குமாம்.

"உனக்காகத்தான் எழுதிப் போட்டேன், டொரத்தி. ரெண்டு வருஷமா வெயில்லயும் மழையிலயும் அல்லாடுறே. பாக்கவே மனசு தாங்கல."

"எனக்கு இந்தப் பயணம் பிடிச்சிருக்குங்க" என்றேன். சொல்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அவர் என் தலையைத் தடவினார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேசி அவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மனம் நோகாமல், மாற்றலும் நடக்காமல், ஒரு வழி வேண்டியிருந்தது.

தண்டவாளத்தில் புல் முளைக்காமல் இருக்க ஒரு மருந்து ஊற்றுவார்கள், பார்த்திருப்பீர்கள். லைன் கூலிகளை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமி அதை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது என்று சொல்லி ஒரு போத்தல் கேட்டேன்.

"மாடு வாய் வைக்காம பாத்துக்குங்க டீச்சர்" என்றார். "போன வருஷம் மலாய்க் கம்பத்துல ரெண்டு மாடு செத்துப் போச்சு."

எங்கள் வீட்டில் மாடு இல்லை என்றேன். அது உண்மை. பாதிப் போத்தல் லாலாங்குக்குத்தான் போனது என்பதும் உண்மை. பின்புறம் புல் கருகிக் கிடப்பதை நீங்களே பார்த்தீர்கள். ரெங்கசாமியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பதவி உயர்வுக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனை உண்டு. அதற்கு முந்திய நாள் அவருடைய கோப்பியில் கொஞ்சம் கலந்தேன். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டார். பரிசோதனை தள்ளிப்போனது. நான் அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டேன்; அண்டை வீட்டாரைக் கேளுங்கள். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வண்டியைப் பிடிப்பேன். திரும்பும்போது பாசாரில் திராட்சை வாங்கி கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வருவேன். அவர் ஒவ்வொன்றாகத் தோலுரித்து முதலில் எனக்கு ஊட்டுவார். அந்த வாரங்களில் நாங்கள் மிகவும் அன்பாக இருந்தோம்.

தேறினார். மறுபடியும் தேதி வந்தது. மறுபடியும் படுத்தார். இந்த முறை உள்ளங்கைத் தோல் தடித்து உரிந்தது, கால் மரத்துப்போகிறது என்றார். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் சின்னையா டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, கிள்ளான் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இடம் மாறினால் சரியாகும் என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து மாரிஸுக்கு மாற்றல் ஒன்றே பேச்சாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்து, யார் யாரையோ பார்த்து, மூன்றாம் தடவை பரிசோதனையை முடித்தே விட்டார். எனக்குச் சொல்லாமல் போய் வந்திருக்கிறார். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

சாமான் ஏற்ற வேகன்கூட ஒதுக்கியாகிவிட்டது. நாற்காலிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"சைக்கிளை நம்ம கோவில் உபதேசியார் மகளுக்குக் கொடுத்துடலாம்னு வாக்குக் குடுத்துட்டேன். அந்தப் புள்ள ரொம்ப ஆசைப்படுது. உனக்குத்தான் இனிமே வேலையில்லையே."

நல்ல காரியம் என்றேன். உபதேசியார் மகள் பக்கத்திலேயே நின்றாள். அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சீட்டின் உயரத்தைச் சரிபார்த்தார். அவளுக்குக் கால் எட்டவில்லை.

மறுநாள் விடியலில் மழை விட்டிருந்தது. கோப்பி கலக்கும்போது ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தேன். தண்ணீர் வடிந்து சுத்தமாக இருந்தது. இன்று போனால் பறக்கலாம் என்று தோன்றியது. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. எவ்வளவு என்று அளக்கவில்லை. அளக்கக் கூடாது என்று நினைக்கவுமில்லை.

நான் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. கட்டிலில் சுருண்டு, கட்டி வைத்த மூட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டொரத்தி, இந்தத் தடவ தாங்காதும்மா. டிரெஸ்ஸரைக் கூப்பிடு."

"போற வழியில சொல்லிட்டுப் போறேங்க" என்றேன்.

"மெதுவாப் போ. தரையெல்லாம் ஈரம்."

சரிவில் நான் மிதிக்கவே இல்லை. பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு மோட்டார் கார் போனது. அதை முந்தினேன் என்றால் நம்பமாட்டீர்கள். உள்ளே இருந்தவர் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அன்று லேக் கார்டன் மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நன்றாக நடந்தது. மாலையில் திரும்பி வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்து மணி அடித்தேன், வழி விட்டார்கள்.

டிரெஸ்ஸரிடம் ஏன் சொல்லவில்லை என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது, ஐயா. தினமும் காலை வண்டியில் போகிறவர்களுக்குத்தான் அந்த அவசரம் புரியும். நின்று பேச ஒரு நிமிடம் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

ஆமாம், அன்று வண்டி தாமதம்தான். ஸ்டேஷனில் விசாரித்திருப்பீர்கள். பெட்டாலிங் பக்கம் மரம் விழுந்ததாம். நான் ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். சின்னையா டிரெஸ்ஸர் வீடு எதிரில்தான். அவர் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"என்ன டீச்சரம்மா, வண்டி லேட்டா?"

"ஆமாங்க. நல்ல லேட்டு."

பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். என் சைக்கிள் வலையைத் தொட்டுப் பார்த்து, தம் மகளுக்கும் இப்படி ஒன்று கட்ட வேண்டும் என்றார். எப்படி முடிச்சுப் போடுவது என்று விளக்கிச் சொன்னேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"மாரிஸ் எப்படி இருக்காரு?"

"தூங்குறாருங்க" என்றேன்.

வண்டி மட்டும் நேரத்துக்கு வந்திருந்தால், அவர் என்னிடம் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்.