மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையை முழுவதும் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். தேநீர் தரச் சொன்னதற்கு நன்றி, ஆறட்டும். சூடாகக் குடித்தால் அன்று முழுக்க நாக்கு எதற்கும் உதவாது. தொழில் பழக்கம்.

ஒயின் என்றால் போதை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது பூகோளம். எந்தச் சரிவில் எந்தத் திராட்சை, எந்த மண்ணில் புளிப்பு ஏறும், எந்த ஆற்றங்கரையில் பனி முதலில் இறங்கும் என்று பத்தொன்பது வருடம் படித்திருக்கிறேன். பிரான்சில் பர்கண்டியின் கிராமங்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசை தவறாமல் சொல்வேன். சாப்பாட்டோடு சேர்ப்பதும் அப்படித்தான். கொழுப்புள்ள இறைச்சிக்குத் துவர்ப்பான சிவப்பு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்குப் புளிப்பான வெள்ளை, இனிப்புக்கு அதைவிட இனிப்பான ஒயின். நான் வேலை பார்க்கும் உணவகத்தில் முதலாளி எனக்கு வைத்த பெயர் 'புத்தகம்'. அதில் எனக்குப் பெருமைதான்.

தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் வேலை பார்த்த செருப்புக் கடையை மூடிவிட்டார்கள். நான்தான் முதலாளியிடம் சொல்லி, கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவித் துடைக்கும் வேலையில் அவளைச் சேர்த்துவிட்டேன். தங்குவதற்கும் என் வீட்டிலேயே ஓர் அறை கொடுத்தேன். இது உங்கள் அறிக்கையில் இல்லை. சேர்த்துக்கொண்டால் நல்லது.

சேர்ந்த இரண்டாவது வாரம், கழுவ வந்த ஒரு கிண்ணத்தில் மிச்சமிருந்ததை முகர்ந்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, இதுல மண்ணெண்ணெய் வாசம் வருதே, கெட்டுப்போச்சா?"

பக்கத்தில் நின்ற முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், பன்னிரண்டு வருடப் பழையது. வயதான ரீஸ்லிங்கில் அந்த வாசனை வரும். குறையல்ல, சிறப்பு. பல புத்தகங்களில் அதைப் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட எனக்கு அது வந்ததில்லை.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. கூடப் பிறந்தவள்மேல் பொறாமைப்படாதவர்கள், ஒன்று கூடப் பிறந்தவர்கள் இல்லாதவர்கள், இல்லையென்றால் பொய் சொல்கிறவர்கள்.

ஒரே வருடத்தில் அவளுக்கும் பெயர் வந்துவிட்டது. 'மூக்கு'. ஒருநாள் தலைமைச் சமையல்காரர் காளானோடு சுட்ட மீன் ஒன்றைப் புதிதாகச் செய்து வைத்து, இதற்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். மீனுக்கு வெள்ளை என்று நான் மூன்று பெயர் சொன்னேன். அவள் தட்டைக் குனிந்து முகர்ந்தாள்.

"மீனை விடுங்க, காளான்தானே முன்னால நிக்குது. அந்த லேசான சிவப்பு இருக்குல்ல, மழை பெஞ்ச மண்ணு மாதிரி வாசம் வருமே, அதைக் கொஞ்சம் குளுமையாக் குடுங்க."

அந்தச் சிவப்பின் பெயர், பினோ நுவார், அதுகூட அவள் வாயில் சரியாக நுழையாது. சமையல்காரர் ஒரு வாய் மீனும் ஒரு வாய் ஒயினுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி என் தோளைத் தட்டினார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா, புத்தகம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். சிரித்ததைக்கூட மன்னித்திருப்பேன். எனக்காக நிறுத்தினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் முதலாளி சொன்னார், இனி ஒயின் பொறுப்பு முழுவதையும் ஒரே ஆளிடம் விடப்போவதாக. எந்த நாட்டிலிருந்து என்ன வாங்குவது, எந்தத் தட்டோடு எதைச் சேர்ப்பது, எல்லாம் அந்த ஆள் கையில். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அப்போதுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்திருந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்து, இரண்டு வேளையும் மருந்து கொடுத்து, நான்தான் பார்த்துக்கொண்டேன். எழுந்தவுடன், "மூக்கு மந்தமா இருக்குற மாதிரி இருக்குக்கா" என்றாள். இரண்டு நாளில் அது சரியாகிவிட்டது. அதை அவள் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பயிற்சி முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் உணவகம் திறக்குமுன் பாட்டில்களுக்குத் துணி உறை போட்டு மேசையில் வரிசையாக வைப்போம். ஒருவர் ஊற்றுவார். மற்றவர் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகர்ந்து, இன்ன திராட்சை இன்ன ஊர் என்று சொல்வார். பிறகு உறையைக் கழற்றிப் பார்ப்போம். அவளுக்கு ஊற்றுவது நான்.

காய்ச்சலுக்குப் பிறகு வந்த முதல் நாள், "சிரா. கல்லு நெறைய இருக்குற சரிவு" என்றாள். சரிதான். நான் பக்கத்து பாட்டிலின் உறையைக் கழற்றினேன். மெர்லோ, வேறு திராட்சை. அவள் வாங்கி லேபிளைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அந்த பாட்டிலை முகர்ந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு அது. லேபிளைப் படித்துவிட்டால் பிறகு யாரும் மூக்கிடம் கேட்பதில்லை.

ஒரு வாரத்தில் பத்துக்கு ஏழு தப்பு. பிறகு கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி நாற்றம் பிடித்த பாட்டில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டேன். கிண்ணத்தில் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பேன்.

"கார்க் நாத்தம் அடிக்குதுக்கா. உனக்கு வருதா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர நான் எந்த ஆயுதமும் எடுக்கவில்லை. குரலை உயர்த்தவில்லை, யாரிடமும் கோள் சொல்லவில்லை. டாக்டரிடம்கூட நானே கூட்டிக்கொண்டு போனேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இல்லாத வாசனை இருப்பதுபோல் தெரியும், நாளாக ஆகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் அவர். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

அவளாகவே முதலாளியிடம் போய் வேலையை விட்டாள். பொறுப்பு எனக்கு வந்தது. அதன் பிறகு எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை. உண்மையில் அந்த இரண்டு மாதம்தான் நாங்கள் ஒற்றுமையாக இருந்தோம். அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தேன். சாப்பிடுமுன் தட்டை முகர்வதை அவள் நிறுத்தியிருந்தாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் முகம் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, உங்கிட்ட சொல்லாம ஒண்ணு செஞ்சேன். கடையில மூணு சின்ன பாட்டில் வாங்கிட்டு வந்து, பேப்பர் சுத்தி, கலைச்சு வெச்சு, நானே முகந்து பாத்தேன். மூணும் சரியா வந்துச்சுக்கா."

"நல்லதும்மா," என்றேன்.

"நாளைக்கு உன்கூட வரேன். சமையல்காரரை ஊத்தச் சொல்லி முதலாளி முன்னாலயே பாத்துடலாம். நீ ஊத்தினா என்மேல இருக்குற பாசத்துல கை நடுங்குது உனக்கு."

அவள் வேடிக்கைக்காகச் சொன்னாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கடைசிவரை வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவள் நல்லவள்.

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். வெளியே நல்ல மழை, ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அடுப்பின் ரப்பர் குழாய் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. அதில் நான் கை வைக்கவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, காஸ் நாத்தம் வர்ற மாதிரி இருக்கு. உனக்கு வருதா?"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப இன்னும் முழுசாச் சரியாகல போல. சரி, டீ போடறேன், குடிச்சிட்டுப் போறியா?"

"வேண்டாம், நேரமாச்சு. நீ போட்டுக் குடி."

கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன், சாரல் உள்ளே அடிக்கும். மூன்று மாடியும் படியிறங்கி, தெருமுனை மருந்துக்கடை வரை போனபோது வெடிச் சத்தம் கேட்டது. திரும்பி ஓடினேன். ஓடியதைப் பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று உணவகத்தில் அவள் படத்தை மாட்டினார்கள். அந்த மாதிரி மூக்கு இனி வராது என்று முதலாளி அழுதார். அழட்டும், அது அவர் இஷ்டம். ஆனால் உங்கள் அறிக்கை நாளைக்குப் பத்திரிகையில் வரும். 'உடனிருந்த அக்காவாலும் கசிவின் வாசனையை உணர முடியவில்லை.' பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவளைப் பற்றி இப்படி ஒரு வரி. முதலாளி படிப்பார், சமையல்காரர் படிப்பார். எனக்கு மூக்கே இல்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அது நியாயமில்லை.

அதனால் திருத்தி எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். செருப்பு மாட்டக் குனிந்தபோதே எனக்கு வந்துவிட்டது. அவள் வந்து கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது, தெளிவாக. காஸ் தரையோடுதான் தங்கும், குனிந்ததால் வந்திருக்கும் என்று சமையல்காரர் சொல்லக்கூடும். அதை எழுத வேண்டாம். முதலில் வந்தது அவளுக்கு இல்லை, எனக்குத்தான் என்று மட்டும் எழுதுங்கள்.