நாணல் தூரைப் பிடித்துப் பிழைத்தவன் சொன்னது

என் பெயர் மந்திரமூர்த்தி. வயது முப்பத்தாறு. த/பெ சொரிமுத்து. முக்காணியில் குடியிருந்து வாழை விவசாயம் பார்க்கிறேன். இந்த 1974 கார்த்திகையில் கொலை செய்யப்பட்டதாக இந்தக் காவல் நிலையத்தில் எழுதியிருக்கும் மந்திரமூர்த்தி நான்தான்.

வெள்ளத்துரை என்பவர் என் மனைவி சீனித்தாயின் அண்ணன். சென்ற திங்கட்கிழமை காலை மாட்டுத்தொழுவுக்குக் கூரை வேய நாணல் அறுக்க, நானும் அவரும் ஆற்று நடுத்திட்டுக்குப் போனோம். நாணல் ஆளை மறைக்கும் உயரத்தில் பூத்து நின்றது. நான் தூரை ஒட்டி அறுக்கவில்லை என்று அவர் குறை சொன்னார். அதன் பிறகு பேச்சு முற்றி, "ஒன்ன ஆத்துல அமுக்குனாத்தாம்லே சரிப்படுவ" என்று அவர் சத்தம் போட்டதைக் கரையில் துணி துவைத்த பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு நான் கோபத்தில் ஒரு நாணல் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தனியாக ஆற்றில் இறங்கினேன். மேற்கே பெய்த மழையில் தண்ணீர் ஏறியிருந்ததைக் கவனிக்கவில்லை. வெள்ளம் என்னை இழுத்தது. வெள்ளத்துரை பின்னாலேயே குதித்தார். எட்டவில்லை.

அதன் பிறகு ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு நாணல் புதர் கையில் சிக்கியது. தாள் உள்ளங்கையை அறுத்தது. வெள்ளத்தில் புதர் படுத்தது, ஆனால் வேர் அசையவில்லை. மதியத்துக்கு மேல் புன்னைக்காயல் சூசை என்பவர் வள்ளத்தில் வந்து என்னை ஏற்றினார். அவர் மனைவி கிளாடிஸ் அம்மாள் கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டு, சோறும் மீன்குழம்பும் கொடுத்தார். பாதை தண்ணீரில் கிடந்ததால் வெள்ளம் வடியும்வரை அங்கேயே இருந்தேன். வேளை தவறாமல் சாப்பிட்டேன்.

இன்று காலை ஊருக்கு வந்தபோது என் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. யாருக்கு என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார். அதன் பிறகு சீனித்தாய் வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கன நிக்காதிய. எங்கண்ணன ஸ்டேஷன்ல வச்சிருக்காவ. மொதல்ல அங்கன போயி ஒங்க மூஞ்சியக் காட்டுங்க" என்றாள்.

புகார் கொடுத்த என் அண்ணன் சங்கரலிங்கமே என்னை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். 

வெள்ளத்துரை என்னைக் கண்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் உடுத்தியிருந்த சூசையின் சட்டையைப் பார்த்தார்.

"யாரு சட்ட மாப்ள? செத்ததுக்கப்புறம் ஆளு நல்லாத்தான் இருக்க" என்றார்.

அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவரை என்னோடு வீட்டுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சொ. மந்திரமூர்த்தி, உயிருடன்