படகுக்கு மஞ்சள் தண்ணீர்

“படகுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினேன்மே” என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது. திருப்பதி போகும் பேருந்து. அவர் சட்டையில் ஏரி வாடை. நாயுடுபேட்டையில் அவருக்காகக் காத்திருந்து கூட ஏறிய மனைவி சிரித்துவிட்டாள்.

“இன்னாயா, வயசுக்கு வந்துடுச்சா?”

“சிரிக்காத. கரையில ஏத்தி, உள்ள மஞ்சத்தண்ணிய ரொப்பிட்டு, அடியில படுத்துக்கினு பாத்தேன். எங்க மஞ்சளா கசியுதோ அங்கதான ஓட்டை.”

சிரிப்பு நின்றது. “பலகையில கசிஞ்சுதா?”

“பலகை உளுத்திருந்தா வெறகுக்குத்தான் போட்டிருக்கணும்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுயா.”

“பலகையெல்லாம் காஞ்சிதான் கெடந்துச்சி. மோட்டார் தண்டு வெளிய போவுதே, அங்க மட்டும்தான் சொட்டுச்சி. தண்ணி உள்ள வராம சுத்தியிருந்த கயிறு நைஞ்சி பூடுச்சி. புதுசா சுத்தி, ஏரில எறக்கி அரை நாள் உட்டு வச்சேன். உள்ள ஒரு சொட்டு இல்லமே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் மாந்தோப்புகளின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

“படகு சரியாயிட்டா, திருப்பதி ரூமைக் காலி பண்ணிட்டு ஏரிக்கே பூடலாம்னியே.”

“பூடலாம். இந்த மாச டூட்டி முடியட்டும்.”

“முடியட்டும்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டாள்: “எதிர்ல நாயுடுபேட்டை பஸ்சு வருது. எறங்கி ஏறிடலாமா?”

“காலைல எனக்கு ஷிப்டுமே.”

“தெரியும்யா. கேட்டுப் பாத்தேன்.”

அந்தப் பேருந்து எங்களைக் கடந்து போனது. கண்ணாடியில் நெற்றியை அழுத்தியபடி, அது வளைவில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.